அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? ஹோம் வாரண்டி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஏ.சி. நின்றுபோனது. டாலஸ் புறநகர், வெளியே 104 டிகிரி ஃபாரன்ஹீட். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டார். நான் பதறவே இல்லை. “ஹோம் வாரண்டி இருக்கும்மா, ஒரு போன் போட்டா வந்து மாத்திக் குடுத்துடுவாங்க” என்றேன். மாற்றித்தான் கொடுத்தார்கள், பதினொரு நாள் கழித்து. அதற்குள் என் கையிலிருந்து 2,210 டாலர் போயிருந்தது.

ஹோம் வாரண்டி என்பது வீட்டுக் கருவிகள் பழுதானால் சரிசெய்து தருவதாக ஒரு நிறுவனம் போடும் ஒப்பந்தம். அதில் ஏ.சி. ‘அடங்கும்’ என்று எழுதியிருந்தது உண்மை. அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒன்றரைப் பக்கத்தை நான் படிக்கவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் இருப்பது டெக்ஸாஸ், அதனால் விதிகள் என்று வரும் இடத்தில் டெக்ஸாஸ் விதிகளே வரும். விலைகள் நான் பார்த்த நிறுவனங்களின் விலைகள், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. முதலில் நான்கு காகிதங்களையும் பிரித்து வையுங்கள்

வீடு வாங்கிய புதிதில் எல்லோரும் குழம்பும் இடம் இது. வாரண்டி, இன்ஷூரன்ஸ் என்று நான்கு வெவ்வேறு சங்கதிகள் ஒரே ஃபைலில் கிடக்கும்.

வீட்டு இன்ஷூரன்ஸ் என்பது திடீரென்று வரும் விபத்துக்கு. தீ, ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று, திருட்டு, குழாய் வெடித்துத் தரை நனைவது எல்லாம் இதில் வரும். கடன் கொடுத்த வங்கி இதைக் கட்டாயமாகக் கேட்கும்.

பில்டர் வாரண்டி புது வீட்டுக்கு மட்டும். பொதுவாக 1-2-10 என்பார்கள்: வேலைத்திறனுக்கும் பொருளுக்கும் 1 ஆண்டு, பிளம்பிங், மின்சாரம், ஏ.சி. போன்ற அமைப்புகளுக்கு 2 ஆண்டு, வீட்டின் கட்டமைப்புக்கு 10 ஆண்டு. புது வீடு வாங்கியவர் முதல் ஆண்டில் ஹோம் வாரண்டி வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு.

தயாரிப்பாளர் வாரண்டி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் காசு கொட்டிக் கிடக்கிறது.

நான்காவதுதான் ஹோம் வாரண்டி. இது இன்ஷூரன்ஸும் இல்லை, உண்மையில் வாரண்டியும் இல்லை. ஒரு சர்வீஸ் ஒப்பந்தம். டெக்ஸாஸ் சட்டத்தில் இதன் பெயரே ரெசிடென்ஷியல் சர்வீஸ் கான்ட்ராக்ட்தான். நாளாவட்டத்தில் தேய்ந்து பழுதாகும் கருவியை ஒரு வரம்புக்குள் சரிசெய்து தருவோம் என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுப்பது. சரிசெய்வதா, மாற்றுவதா, மாற்றினால் எந்த மாடல் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஐந்து முறை ரிப்பேர் செய்தே ஓட்டிவிடலாம் என்று அவர்கள் நினைத்தால் ஓட்டுவார்கள்.

ஒரு சின்ன உதாரணம். வாட்டர் ஹீட்டர் அரித்து ஒழுகி அட்டிக் (கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள பரண்) வழியாக சீலிங் இடிந்து விழுகிறது என்று வையுங்கள். ஹீட்டருக்கு ஹோம் வாரண்டி. சீலிங்குக்கும் நனைந்த கார்ப்பெட்டுக்கும் இன்ஷூரன்ஸ், அதுவும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக. ஒரே ஒழுகல், இரண்டு க்ளைம்.

2. வாங்கும் நேரம், யார் பணம் கட்டுவது

மலிவாக வாங்க நல்ல நேரம் வீடு வாங்கும்போதே. இரண்டு காரணங்கள். ஒன்று, விற்பவரிடமே கேட்டு வாங்கலாம். டெக்ஸாஸில் எல்லா ரியல்டர்களும் (வீட்டு முகவர்கள்) பயன்படுத்தும் ஒரு குடும்பம் முதல் நான்கு குடும்ப வீட்டுக்கான விற்பனை ஒப்பந்தத்தில் 7-ஆம் பத்தியின் ‘எச்’ உட்பிரிவைப் பாருங்கள். சர்வீஸ் கான்ட்ராக்ட் வாங்கினால் விற்பவர் இத்தனை டாலர் வரை திருப்பித் தருவார் என்று ஒரு காலியிடம் இருக்கும். பல பேர் அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சந்தை மந்தமாக இருந்தால் 600, 700 டாலர் என்று எழுதச் சொல்லுங்கள். பத்து பேர் போட்டி போடும் வீடென்றால் கேட்டுப் பயனில்லை, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, க்ளோசிங்கின்போது (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) வாங்கினால் அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும். பின்னால் தனியாக வாங்கினால் பெரும்பாலும் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏ.சி. சத்தம் போட ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வாங்குபவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதே ஒப்பந்தத்திலேயே, இது கட்டாயமில்லை, இதே போன்ற திட்டத்தைப் பல நிறுவனங்களிடம் வாங்கலாம் என்றும் அச்சிட்டிருக்கும். ரியல்டர் ஒரே ஒரு நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் இன்னும் இரண்டு நிறுவனங்களின் மாதிரி ஒப்பந்தத்தையும் தரவிறக்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படித்து ஒன்றும் ஆகாது. ‘சாம்பிள் கான்ட்ராக்ட்’ என்ற பிடிஎஃப்தான் வேண்டும். அதைக் காட்டாத நிறுவனத்தை அங்கேயே கழித்துவிடலாம்.

டெக்ஸாஸில் இந்த நிறுவனங்கள் டி.டி.எல்.ஆர். என்ற மாநில உரிமத் துறையில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் ஐந்து நிமிட வேலை. கலிபோர்னியாவில் இதே பொறுப்பு மாநில இன்ஷூரன்ஸ் துறையிடம் இருக்கிறது.

3. செலவுக் கணக்கு: மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் எண், ஆண்டுக் கட்டணம். நான் பார்த்தவரை 450 டாலரிலிருந்து 850 டாலர் வரை. நீச்சல் குளம், செப்டிக் டேங்க், இரண்டாவது ஃப்ரிட்ஜ், கூரை ஒழுகல் போன்றவை கூடுதல் கட்டணத்தில் வரும்.

இரண்டாவது, ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் நீங்கள் தரவேண்டிய வருகைக் கட்டணம். சர்வீஸ் கால் ஃபீ என்பார்கள், 75 முதல் 150 டாலர். இது ஒரு தொழிலுக்கு ஒன்று. டிஷ்வாஷரும் ஏ.சி.யும் ஒரே நாளில் படுத்தால் இரண்டு பேர் வருவார்கள், இரண்டு கட்டணம். வந்தவர் பார்த்துவிட்டு “இது உங்க திட்டத்துல வராது” என்று சொல்லிப் போனாலும் அந்தப் பணம் போனதுதான்.

இந்த வகையில் நான் கொடுத்த முட்டாள்தனமான 100 டாலரைச் சொல்லிவிடுகிறேன். சிங்குக்கு அடியில் உணவுக் கழிவை அரைக்கும் கார்பேஜ் டிஸ்போசல் ‘ம்ம்ம்’ என்று உறுமியது, சுற்றவில்லை. க்ளைம் போட்டேன். வந்தவர் தரையில் மல்லாந்து படுத்து, அதன் அடிப்பக்கம் நடுவில் இருந்த அறுகோணத் துளைக்குள் ஒரு ஆலன் கீயை நுழைத்து இப்படியும் அப்படியும் நாலு சுற்று சுற்றினார். பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஓடியது. மேலேயிருந்து டார்ச் அடித்து, இடுக்கியால் அவர் வெளியே எடுத்தது முருங்கைக்காய்ச் சக்கை. மொத்தம் நான்கு நிமிடம். “வெளிப்பொருள் அடைப்பு” என்று எழுதினார், அது திட்டத்தில் சேராது. நம் சமையலறைக்கு ஒரு வார்த்தை: முருங்கைச் சக்கை, வடித்த சோறு, மாங்கொட்டை எதையும் அதில் தள்ளாதீர்கள். அந்த ஆலன் கீ பெரும்பாலும் டிஸ்போசலோடு வந்து சிங்குக்கு அடியிலேயே எங்கோ கிடக்கும், தேடிப் பாருங்கள்.

மூன்றாவது எண் உச்சவரம்பு. இதுதான் மிக முக்கியம், விளம்பரத்தில் மிகச் சிறிதாக இருப்பதும் இதுதான். ஏ.சி.க்கு 5,000 டாலர், சமையலறைக் கருவி ஒவ்வொன்றுக்கும் 2,000 டாலர், காங்கிரீட் தரைக்கு அடியில் போகும் குழாய்க்கு 500 அல்லது 1,000 டாலர் என்று இருக்கும். சில திட்டங்களில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு வரம்பும் உண்டு. ஏ.சி. வரம்பு 1,500 டாலர் என்று போட்ட திட்டத்தையும் பார்த்தேன். வெளி யூனிட்டும் உள்ளே உள்ள காயிலும் (காற்றைக் குளிர்விக்கும் சுருள்) சேர்த்து மாற்ற இங்கே எட்டாயிரம், பத்தாயிரம் டாலர் சாதாரணமாக ஆகிறது. 1,500-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

4. எவை அடங்கும்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஏ.சி., ஹீட்டர், டக்ட் (ஏ.சி. காற்று போகும் குழாய்), வீட்டுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள், கழிவுநீர் அடைப்பு, வாட்டர் ஹீட்டர், மின் வயரிங், பிரேக்கர் பெட்டி, அடுப்பு, அவன், பில்ட்-இன் மைக்ரோவேவ், டிஷ்வாஷர், டிஸ்போசல், கராஜ் கதவைத் தூக்கும் மோட்டார். ஃப்ரிட்ஜ், வாஷர், டிரையர் சில திட்டங்களில் அடிப்படையிலேயே வரும், சிலவற்றில் மேல்தட்டுத் திட்டத்தில்தான். மேஜை மேல் வைத்திருக்கும் வெட் கிரைண்டருக்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை.

பட்டியலில் கருவியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அதன் எந்தப் பாகம் என்று பாருங்கள். கராஜ் மோட்டார் அடங்கும், கதவின் ஸ்பிரிங் அடங்காது என்றிருக்கும். அறுவது எப்போதும் ஸ்பிரிங்தான். ஃப்ரிட்ஜ் அடங்கும், ஐஸ் மேக்கர் அடங்காது. குழாய் ஒழுகல் அடங்கும், குழாயின் பித்தளைத் தலை அடங்காது. இந்த மாதிரி.

5. எவை அடங்காது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

என் ஏ.சி. பில்லையே எடுத்துக்கொள்வோம். வீடு 2008-இல் கட்டியது. வெளியே இருந்த யூனிட் ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் பழைய வகை. கம்ப்ரஸர் போய்விட்டது. அமெரிக்காவில் ஆர்-22 உற்பத்தியும் இறக்குமதியும் 2020-லேயே நின்றுவிட்டன. புது வெளி யூனிட் வைத்தால் அது வேறு கேஸ், அட்டிக்கில் இருக்கும் பழைய காயிலோடு ஒத்துப்போகாது. ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், இரண்டும் பொருந்தினால்தான் கல்யாணம். ஆக இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டு கருவிகளின் விலையையும் பொருத்தும் கூலியையும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் டெக்னீஷியன் என்னிடம் ஒரு தனித் தாளை நீட்டினார். அதில் இருந்தவை:

பழைய கேஸை முறைப்படி இறக்கி எடுக்க 340 டாலர். புது யூனிட்டின் அளவுக்கு ஏற்பத் தகரக் கூட்டையும் டக்ட் இணைப்பையும் மாற்ற 780. செம்புக் குழாய் வேலை 450. நகராட்சி பெர்மிட் 150. காயிலுக்குக் கீழே வைக்கும் தட்டும், தண்ணீர் நிரம்பினால் ஏ.சி.யை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் இன்றைய கட்டட விதிப்படி வைக்க 265. பழைய இரும்பை எடுத்துப்போக 125. வருகைக் கட்டணம் 100. கூட்டிப் பாருங்கள், 2,210.

இந்த ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் ‘அடங்காதவை’ பகுதியில் ஒரு வரியாக இருந்தது. பொருத்தம் செய்வதற்கான மாற்றங்கள், கேஸ், பெர்மிட், கட்டட விதிக்கு ஏற்ப உயர்த்துதல், அப்புறப்படுத்துதல். உங்கள் மாதிரி ஒப்பந்தத்தில் இந்த ஐந்து சொற்களையும் தேடுங்கள். சில மேல்தட்டுத் திட்டங்களில் இவற்றுக்கென்று 250 அல்லது 500 டாலர் ஒதுக்கியிருப்பார்கள். ஆண்டுக்கு 80, 100 டாலர் கூடுதலாகக் கொடுத்து அந்தத் திட்டத்துக்குப் போவது பழைய வீட்டுக்கு லாபம் என்பது என் கணிப்பு.

ஆர்-22 கதை முடிந்த கதைதானே என்று நினைக்காதீர்கள். அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ-வும் இப்போது விடைபெறுகிறது. 2025 தொடக்கத்திலிருந்து புதிதாகத் தயாராகும் வீட்டு ஏ.சி.க்கள் ஆர்-454பி, ஆர்-32 போன்ற கேஸ்களுக்கு மாறிவிட்டன. 2012-இல் கட்டிய வீட்டை இன்று வாங்குபவருக்கும் இதே பொருத்தச் சிக்கல் காத்திருக்கலாம்.

அடுத்து, ஏற்கெனவே இருந்த பழுது. திட்டம் தொடங்கும் முன்பே இருந்த பழுதுக்குப் பணம் இல்லை. நல்ல ஒப்பந்தங்களில், கண்ணால் பார்த்தோ சுவிட்சைப் போட்டுப் பார்த்தோ கண்டுபிடித்திருக்க முடியாத பழுதென்றால் ஏற்போம் என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியம் இல்லாத ஒப்பந்தத்தை வாங்காதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ‘குறைபாடு’ என்று டிக் அடித்த எந்தப் பொருளும் பின்னால் உங்களுக்கு எதிராகவே பேசும். அதனால் ஆப்ஷன் பீரியட் (காரணம் சொல்லாமலே வாங்குபவர் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய சில நாள் அவகாசம்) முடிவதற்குள் விற்பவரைச் சரிசெய்யச் சொல்லி, சரிசெய்த பில்லையும் வாங்கிவிடுங்கள். பில் இல்லாமல் “மச்சினன் வந்து பார்த்துச் சரி பண்ணிட்டான்” என்பதெல்லாம் செல்லாது.

பராமரிப்பு இல்லாமை. மறுப்புக் கடிதத்தில் அடிக்கடி வரும் காரணம் இது. காயிலில் அழுக்கு, ஃபில்டரில் தூசி, வாட்டர் ஹீட்டரின் அடியில் உப்புப் படிவு. ‘பராமரிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. நீங்கள் பராமரித்ததற்கு ஆதாரம் வேண்டும், அது அடுத்த தலைப்பில்.

தவறாகப் பொருத்தியது. முன்பு இருந்தவர் பெர்மிட் இல்லாமல் தானே வைத்த வாட்டர் ஹீட்டர், கராஜைப் படுக்கையறையாக மாற்றி இழுத்த வயரிங் எல்லாம் இதில் மாட்டும்.

பழுதால் விளைந்த சேதம். குழாயை ஒட்டிக் கொடுப்பார்கள், அதற்காக உடைத்த சுவரைக் கரடுமுரடாக மூடுவதோடு சரி. டைல்ஸ், பெயின்ட், மரத்தரை உங்கள் பாடு. எங்கள் பகுதியில் வீடெல்லாம் காங்கிரீட் பலகையின் மேல் நிற்பவை, குழாய் அதற்கு அடியில். தரையை வெட்டிக் குழாயைத் தொடுவதற்கான செலவு ஒழுகலைச் சரிசெய்யும் செலவைப் போல் பல மடங்கு.

இயற்கைச் சீற்றம். 2021 பிப்ரவரிப் பனியில் டெக்ஸாஸ் முழுக்கக் குழாய்கள் உறைந்து வெடித்தன. அது இன்ஷூரன்ஸ் விவகாரம், ஹோம் வாரண்டி விவகாரம் இல்லை. மின்னல், ஆலங்கட்டி, எலி கடித்த வயர், கரையான், பூஞ்சை எதுவும் இங்கே வராது. அஸ்திவாரமும் வராது. களிமண் விரிந்து சுருங்கி வீட்டைச் சாய்க்கும் ஊர் இது, அதற்கு இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள். அதற்கென்று தனியாகச் சேமிப்பது ஒன்றே வழி.

6. சாவி கையில் வந்த முதல் வாரம்

பால் காய்ச்சிய கையோடு ஒரு அரை நாள் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். ஏ.சி. வெளி யூனிட், அட்டிக்கில் உள்ள யூனிட், வாட்டர் ஹீட்டர், சமையலறைக் கருவிகள் ஒவ்வொன்றின் பெயர்த்தகட்டையும் போட்டோ எடுங்கள். மாடல் எண், சீரியல் எண், தயாரித்த மாதம் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு அரை நிமிட வீடியோ. ஏ.சி. குளிர் காற்று தருகிறது, ஹீட்டர் எரிகிறது, டிஷ்வாஷர் தண்ணீரை வெளியேற்றுகிறது. தேதி தானாகப் பதிவாகிவிடும். ‘ஏற்கெனவே இருந்த பழுது’ என்று யாராவது சொன்னால் நீட்டுவதற்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

இவற்றோடு ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டியவை: முழு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், விற்பவர் தந்த குறைபாட்டு அறிக்கை, அவர் செய்த ரிப்பேர் பில்கள், கையெழுத்தான வாரண்டி ஒப்பந்தம். மாதிரியும் நீங்கள் வாங்கியதும் ஒன்றுதானா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

பராமரிப்புக்கு ஆதாரம் சேர்ப்பது எளிது. வசந்த காலத்தில் ஒருமுறை உரிமம் உள்ளவரை அழைத்து ஏ.சி.யைச் சுத்தம் செய்யுங்கள், 90 முதல் 150 டாலர் ஆகும். பில்லில் ‘காயில் சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதச் சொல்லுங்கள். பழைய கம்ப்ரஸருக்கு நிறுவனம் ஒத்துக்கொண்டதே என்னிடம் ஏப்ரல் மாத பில் இருந்ததால்தான். ஃபில்டர் வாங்கிய ரசீதுகளையும் எறியாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் அதுவே வரலாறாக நிற்கும்.

இப்போது தயாரிப்பாளர் வாரண்டி. பல பிராண்டுகள் ஏ.சி. பாகங்களுக்கு 10 ஆண்டு தருகின்றன. ஆனால் பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான். இல்லையென்றால் அது 5 ஆண்டாகச் சுருங்கிவிடும். வீடு கைமாறும்போதும் பல பிராண்டுகளில் குறையும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் மீதி எவ்வளவு என்று காட்டும். பாகத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் காலத்தில் ஹோம் வாரண்டிக்காரர்கள் உங்களை அங்கே கைகாட்டிவிடுவார்கள். எனக்குப் புது ஏ.சி. பொருத்திய அன்றே பதிவு செய்திருக்க வேண்டும். 52-ஆம் நாள்தான் நினைவு வந்தது, நல்லவேளை.

7. பழுதான அன்று என்ன செய்வது

முதலில் பிரேக்கர், ஃபில்டர், தெர்மோஸ்டாட் பேட்டரி, ரீசெட் பொத்தான். நான்கையும் பாருங்கள். இதற்கு ஒருவரை வரவழைத்து 100 டாலர் தர வேண்டாம்.

அப்புறம் நிறுவனத்திடம் க்ளைம் போடுங்கள். தெரிந்த மெக்கானிக்கை முதலில் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு பில்லை அனுப்பினால் ஒரு காசும் வராது. அவர்கள் அனுமதி இல்லாமல் நடந்த வேலைக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. இணையத்தில் க்ளைம் போடுவது நல்லது, நேரம் பதிவாகும். போனில் பேசினால் பேசியவர் பெயர், நேரம், க்ளைம் எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

வரும் டெக்னீஷியனிடம் பேசும்போது கவனம். அவர் எழுதி அனுப்பும் மூன்று வரிதான் உங்கள் தீர்ப்பு. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், வந்தவருக்கு ஒரு காபி கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசுவோம். “ரொம்ப நாளாவே லேசா சத்தம் வந்துட்டுதான் இருந்துச்சு” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிவிட்டார். ‘பல மாதங்களாகச் சத்தம்.’ அந்த ஒரு வரியை விளக்கி மின்னஞ்சல் அனுப்பி, ஏப்ரல் பில்லைக் காட்டி மீள்வதற்கு நான்கு நாள் போனது. பதினொரு நாளில் நான்கு நாள் என் வாயால் வந்தது. பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் நின்றது, அதுவரை குளிர்ந்தது.

டெக்ஸாஸில் ஏ.சி. வேலை செய்பவருக்கு மாநில உரிமம் வேண்டும். வண்டியிலும் பில்லிலும் டி.ஏ.சி.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதை எழுத்தில் கேளுங்கள். “ஆபீசுக்கு அனுப்பிடுவேன்” என்பார். எனக்கும் ஒரு பிரதி என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

கோடையில் ஆள் கிடைக்க நாளாகும். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அதை க்ளைமிலேயே எழுதுங்கள், சில நிறுவனங்கள் முன்னுரிமை தருகின்றன. இரண்டு நாளில் ஆள் வரவில்லை என்றால், என் சொந்த டெக்னீஷியனை வைத்துக்கொள்ள அனுமதி தருகிறீர்களா, எவ்வளவு வரை திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அந்தப் பதினொரு நாளும் ஓடியது ஜன்னலில் வைக்கும் சின்ன ஏ.சி. ஒன்றால். 180 டாலருக்கு வாங்கி, ஒரே அறையில் மூன்று தலைமுறையும் படுத்தோம்.

இன்னொரு இடறல்: மாற்றுவதற்குப் பதில் பணமாகத் தருகிறோம் என்பார்கள். அந்தப் பணம் அவர்களுக்கு ஆகும் மொத்த விலைக்கணக்கில் இருக்கும், கடையில் உங்களுக்கு ஆகும் விலையில் இல்லை. 900 டாலர் டிஷ்வாஷருக்கு 400 தருவதாகச் சொல்லலாம். வெளியில் இரண்டு விலைப்பட்டியல் வாங்கிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

8. மறுத்துவிட்டால்

போனில் சொன்னால் ஏற்காதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று பிரிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் இந்த இடத்திலேயே தளர்ந்து ‘மறுபரிசீலனை’ ஆகிவிடுவதாக என் அலுவலக நண்பர்களும் சொல்கிறார்கள்.

அடுத்து, வெளியிலிருந்து உரிமம் உள்ள வேறொருவரை வரவழைத்து, பழுதின் காரணத்தை ஒரு பத்தியாக எழுதி வாங்குங்கள். 100, 120 டாலர் ஆகும். ஏ.சி. முழுசாகப் போன வழக்கென்றால் இது வீணில்லை. அந்தத் தாள், போட்டோ, பராமரிப்பு பில் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி மேல்முறையீடு அனுப்புங்கள். கோபத்தைக் காட்ட வேண்டாம், தேதி வரிசையில் எழுதினால் போதும்.

அதற்கும் அசையவில்லையென்றால் டி.டி.எல்.ஆரில் புகார் தரலாம், கட்டணம் இல்லை. கடைசி வழி நீதிமன்றம். டெக்ஸாஸில் ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு மன்றத்தில் 20,000 டாலர் வரையான வழக்கை வக்கீல் இல்லாமலே நடத்தலாம். அதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, சிறு வழக்குகளுக்கு விலக்கு உண்டா என்று பாருங்கள்.

9. புதுப்பிப்பதும் நிறுத்துவதும்

வீடு பதிவான சில வாரங்களில் தபால் பெட்டியில் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். வண்ணத் தாள், ‘இறுதி அறிவிப்பு’, உங்கள் வீட்டுக்கடன் வங்கியின் பெயர், கவுன்டியின் பெயர் எல்லாம் போட்டு, உங்கள் வாரண்டி காலாவதியாகப் போகிறது என்றிருக்கும். வீட்டுப் பத்திரப் பதிவு இங்கே யாரும் பார்க்கக்கூடிய ஆவணம், அங்கிருந்து எடுத்ததுதான். வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிழித்துப் போடலாம்.

உண்மையான புதுப்பிப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் கார்டில் கழியும், கட்டணமும் கூடியிருக்கும். அதனால் முடிவு தேதிக்கு 45 நாள் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள்: ஏ.சி.க்கு 12 வயதுக்கு மேலா, வாட்டர் ஹீட்டருக்கு 10 வயதுக்கு மேலா, திடீரென்று நாலாயிரம் டாலர் எடுக்கக் கையில் இருக்கிறதா? கருவிகள் கிழடாகவும் சேமிப்பு குறைவாகவும் இருந்தால் புதுப்பிக்கலாம். என் வீட்டில் புது ஏ.சி.க்கு 10 ஆண்டுப் பாக வாரண்டி இருக்கிறது, வாட்டர் ஹீட்டர் 2019-இல் வைத்தது. அதனால் நான் நிறுத்திவிட்டேன். மாதம் 55 டாலர் தனிக் கணக்கில் போடுகிறேன்.

நிறுத்துவதற்குப் போன் செய்தால் விலையைக் குறைத்துப் பேசுவார்கள், வருகைக் கட்டணம் இல்லாமல் இரண்டு முறை தருகிறோம் என்பார்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பி, ரத்து எண்ணை வாங்குங்கள். தொடங்கி 30 நாளுக்குள் என்றால் பல ஒப்பந்தங்களில் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு மீதி மாதக் கணக்கில், ஒரு ரத்துக் கட்டணமும் அதுவரை வாங்கிய க்ளைம் தொகையும் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அடுத்த இரண்டு மாதம் கார்டு பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ரத்து செய்த பிறகும் ஒரு மாதம் 58 டாலர் கழிந்தது. ரத்து எண் கையில் இருந்ததால் ஒரு போனில் திரும்பி வந்தது.